ஊராட்சியோட கரண்ட் பில்லுக்கும் உங்க ஆஸ்பத்திரி செலவுக்கும் என்ன சம்பந்தம்?

சிறுவாச்சூர் பக்கம் ஒரு வீட்டுல ஒருத்தருக்கு வயித்துப்போக்குனு வச்சுக்குவோம். டாக்டர், மாத்திரை எல்லாம் 600 ரூபாய். நாலு நாள் வேலைக்குப் போகல, கூலி 500னு போட்டாலும் 2,000 போச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில இருந்தாலும் போன கூலியை அது தராது. அதனால, நோய் வராம இருக்கறதையும் சேமிப்புக் கணக்குலதான் எழுதணும்.

இதை ஒரு ஊரே சேர்ந்து செஞ்சிருக்கு. மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை ஊராட்சி. 1996-ல் தலைவரா வந்த ஆர். சண்முகம் காலத்துல பவானித் தண்ணியை சுத்திகரிச்சு வீடுகளுக்குக் கொண்டு வந்தாங்க. தண்ணி வந்துச்சு, கூடவே மோட்டார் ஓடற கரண்ட் பில்லும் ஏறுச்சு. ஊராட்சிகளுக்கு பெரிய தலைவலியே இதுதான். பில் கட்ட முடியலைன்னா மோட்டார் ஓடற நேரம் குறையும். ஜனங்க கிடைச்ச தண்ணியைப் பிடிப்பாங்க. காய்ச்சல், வயித்துப்போக்கு அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டார் ஓட்டினாங்க. அப்புறம் 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒண்ணு வாங்கினாங்க. விலை சுமார் 1.55 கோடி. ஊராட்சி சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். நாம வீட்டுக்கு முன்பணம் கட்டி லோன் போடற அதே கதைதான்!

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்தக் காற்றாலை ஓடந்துறையிலயே இல்ல. நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி, உடுமலை பக்கம் காத்து நல்லா அடிக்கற மைவாடியில நிக்குது. ஆண்டுக்கு சுமார் 6.75 லட்சம் யூனிட் கரண்ட். ஊருக்குத் தேவை 4.5 லட்சம்தான், மீதி மின்வாரியத்துக்கு விற்பனை. வருமானத்துலயே கடன் அடைஞ்சுது. நிலக்கரி கரண்டும் அந்த அளவுக்கு மிச்சம்.

எல்லா ஊரும் கோடிக் கடன் வாங்கணும்னு நான் சொல்லல. கையில 40 லட்சம் சேமிப்பு இல்லாத ஊராட்சிக்கு அது ஆபத்து. ஆனா பெரம்பலூர் வெயில் யாருக்கும் பில் போடறதில்லையே! பொது மோட்டாருக்கு சோலார் போட்டா எத்தனை வருஷத்துல முதல் திரும்பும்னு கணக்குப் பார்க்கலாம். வீட்டு மாடிக்குன்னா சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் இருக்கு.

அடுத்த கிராம சபையில ரெண்டே கேள்வி கேளுங்க: போன வருஷம் தண்ணி மோட்டாருக்கு கரண்ட் பில் எவ்வளவு? அதுல பாக்கி எவ்வளவு? பதிலை கமெண்ட்ல போடுங்க, வீடியோவுல சேர்ந்து கணக்குப் போடுவோம்.