ஆபரேஷனுக்கு முன்: சிறப்புக் குழந்தைகளின் பெற்றோருக்கு

டான்சில், குடலிறக்கம், மாறுகண், சொத்தைப் பல், சுன்னத். எந்த வீட்டிலும் வருகிற சிறு ஆபரேஷன்கள்தாம். ஆனால் அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைக்கு என்றால் வீடே கலங்கிவிடுகிறது. “சொன்னால் அவனுக்கு என்ன புரியப்போகிறது?” என்று, பொட்டானிக்கல் கார்டனுக்குப் போவதாகச் சொல்லி வண்டியில் ஏற்றுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். பேச்சு குறைவாகப் புரிகிற பிள்ளை பெற்றோரின் முகத்தை நம்பித்தான் நடக்கிறது. அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், அடுத்த தடவை காய்ச்சலுக்குக்கூட அதை ஆஸ்பத்திரி வாசலுக்குள் கொண்டுபோக முடியாது.

சொல்வதைக் குறைவாகச் சொல்லுங்கள். காட்டுவதை அதிகமாகக் காட்டுங்கள். அட்மிஷனுக்கு முந்தைய பரிசோதனைக்குப் போகும்போதே நர்ஸிடம் அனுமதி கேட்டு, வாசல், வார்டு, கட்டில் ஆகியவற்றைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தினமும் அதே வரிசையில் காட்டுங்கள். கடைசிப் படம் நம் வீட்டு வாசலாக இருக்கட்டும். திரும்பி வருவோம் என்பது அதில் புரிந்துவிடும். மாஸ்க் ஒன்று வாங்கி முதலில் பொம்மைக்கும், பிறகு நன்னிக்கும், கடைசியில் பிள்ளைக்கும் மாட்டி விளையாடலாம். “ஊசி வலிக்காது” என்று மட்டும் சொல்லவே கூடாது. “கொஞ்சம் வலிக்கும், அம்மா கையைப் பிடித்திருப்பேன்” என்றால் போதும். ஊசி போடும் இடத்தில் முன்கூட்டியே தடவும் மரப்பு க்ரீம் உண்டு. அது வேலை செய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் முதலிலேயே கேட்டுவைக்க வேண்டும்.

பலரும் தடுமாறுவது வெறும் வயிற்றில்தான். மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடுவதால், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். அது உயிருக்கே ஆபத்து. பொதுவாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். பால் திட உணவுக் கணக்கில் வரும். நம் ஊர்க் குளிருக்குக் காலையில் ஒரு வாய் பால் டீ கொடுத்துவிடுவது வழக்கம். அதுவே ஆபரேஷனை நிறுத்திவிடும்.

ரமலானைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு “நாளைக்கு நீயும் கொஞ்ச நேரம் நோன்பு” என்பது சட்டென்று புரியும். நல்ல வழிதான். ஆனால் நோன்பு என்றதும் நம் கை தானாக ஸஹருக்குப் போகும். காலை 8 மணி ஆபரேஷனுக்கு விடியற்காலை 4 மணிக்கு ஊட்டினால் இடைவெளி 4 மணி நேரம்தான். ஸஹர் கிடையாது, இரவுச் சாப்பாடோடு சரி. அன்று தம்பி தங்கைகளும் அதன் கண்ணெதிரே சாப்பிட வேண்டாம். வர்க்கி டப்பா மேல் அலமாரிக்குப் போகட்டும். பசியைப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளை என்பதைச் சொல்லி, பட்டியலில் முதல் ஆளாகப் போடும்படி கேளுங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அன்று காலை கொடுப்பதா, எவ்வளவு தண்ணீரோடு என்பதை மயக்க மருந்து டாக்டரே சொல்ல வேண்டும்.

அந்த டாக்டரிடம் கொடுக்க ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எதற்குப் பயம், எந்தச் சத்தம் ஆகாது, வலித்தால் என்ன செய்வான், எப்படித் தேற்றலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு இதயக் கோளாறும் கழுத்தெலும்புத் தளர்ச்சியும் இருக்க வாய்ப்புண்டு; பழைய எக்கோ ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மயங்கும் வரை தாய் அருகில் இருக்கலாமா, முன்னதாகப் பதற்றம் தணிக்கும் மருந்து கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 25, சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

ஊட்டியில் 2025 ஏப்ரலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புதிய கட்டடம் திறக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கீழே போக வேண்டுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கோவைக்குத்தான் என்றால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். வெறும் வயிற்றோடு விடியலில் மலைப்பாதை வளைவுகளில் இறங்கி, வாந்தியோடு தியேட்டருக்குள் நுழைய வேண்டாம். கோட்டைமேட்டிலோ கரும்புக்கடையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் நல்லது. பிள்ளையின் சொந்தப் போர்வையும் தலையணையும் கூட வரட்டும். சளி, இருமல் இருந்தால் கிளம்பும் முன்பே போன் செய்யுங்கள். மூச்சுக்குழாய் எரிச்சலோடு மயக்கம் கொடுப்பது ஆபத்து என்பதால்தான் தள்ளிவைக்கிறார்கள்.

கழுத்துத் தாயத்தைத் தியேட்டர் வாசலில் திடீரென்று கழற்றினால் பெரிய ரகளையாகும். முந்தின இரவே துஆ ஓதி, பிள்ளையே கழற்றி உங்கள் கையில் தரட்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்காக நகங்களில் மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம்.

மயக்கம் தெளியும்போது கையில் ஊசியும் கட்டும் இருக்கும், பிடுங்கப் பார்ப்பார்கள். இதையும் பொம்மைக் கையில் கட்டிப் பழக்கியிருந்தால் பாதிச் சண்டை குறையும். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையின் வலியை முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் முறை மருத்துவமனைகளில் உண்டு. இத்தகைய பிள்ளைகளுக்கென்று திருத்திய வடிவத்தில் பெற்றோர் சொல்லும் தனி அடையாளங்களையும் சேர்க்கிறார்கள். காதைப் பொத்துவதோ, பேச்சை நிறுத்துவதோ, காரணமில்லாமல் சிரிப்பதோகூட வலியாக இருக்கலாம். அது தாய்க்குத்தான் தெரியும். வார்டு மாறும்போதும் ஷிப்ட் மாறும்போதும் புதிதாக வரும் நர்ஸிடம் அதை மறுபடியும் சொல்லுங்கள்.