பதினாறும் போச்சு: டெட்ராய்ட் லயன்ஸ் 2008

2008 ஆகஸ்டில் அமெரிக்கக் கால்பந்து அணியான டெட்ராய்ட் லயன்ஸ் தோற்கவே இல்லை. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் நான்கு, நான்கிலும் ஜெயம். செப்டம்பரில் கணக்கில் சேரும் ஆட்டங்கள் தொடங்கின. அட்லாண்டாவின் புதுமுகம் மாட் ரயன் என்எஃப்எல் லீக்கில் எறிந்த முதல் பந்தே 62 கஜம் போய், கோட்டைத் தாண்டி டச் டவுன் ஆனது. அன்று தொடங்கிய தோல்வி டிசம்பர் 28 வரை நிற்கவில்லை. பதினாறு ஆட்டம், பதினாறு தோல்வி. 1978-ல் சீசனுக்கு 16 ஆட்டம் என்று ஆன பிறகு அதுவரை எந்த அணியும் இப்படிப் போனதில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் எல்லா ஆட்டமும் தோற்பது லேசில் நடக்காது. நலிந்த அணியைத் தூக்கிவிடும்படிதான் லீக்கின் விதிகளே இருக்கின்றன. தொலைக்காட்சி உரிமைப் பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு. கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்களுக்கு ஏலம் கிடையாது. ‘டிராஃப்ட்’ நாளில் அணிகள் வரிசையாக ஆளைத் தேர்ந்தெடுக்கும், கடைசி இடத்தில் முடித்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. இத்தனைக்குப் பிறகும் ஒரு அணி எழுந்திருக்கவில்லை என்றால், காரணத்தை அந்த ஒரு வருஷத்துக்குள் தேடிப் பயனில்லை.

லயன்ஸின் கணக்கு 2001-லிருந்து தொடங்குகிறது. ஃபோர்டு குடும்பத்துக்குச் சொந்தமான அந்த அணி, மாட் மில்லனிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தது. ஆடிய காலத்தில் லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை நான்கு முறை வென்ற தடுப்பாட்டக்காரர். பிறகு டிவியில் நல்ல வர்ணனையாளர். ஆனால் எந்த அணியின் அலுவலகத்திலும் அவர் அதற்குமுன் வேலை பார்த்ததில்லை. 2002-ல் மூன்றாவது தேர்வாகப் பந்தெறியும் குவார்ட்டர்பேக் ஜோயி ஹாரிங்டனை எடுத்தார், அவர் நிலைக்கவில்லை. 2003-ல் சார்லஸ் ராஜர்ஸ், 2004-ல் ராய் வில்லியம்ஸ், 2005-ல் மைக் வில்லியம்ஸ் என்று மூன்று வருஷம் தொடர்ந்து முதல் சுற்றில் பந்து பிடிக்கும் ரிசீவர்களையே எடுத்தார்.

ரிசீவர் என்பவர் கூட்டத்தைக் கைதட்ட வைப்பவர். ஆனால் அவர் கைக்குப் பந்து வந்து சேர வேண்டுமே. குவார்ட்டர்பேக்குக்கு மூன்று விநாடி அவகாசம் வேண்டும். அதை வாங்கிக் கொடுப்பது முன்வரிசையில் நிற்கும் ஐந்து பெரிய உடம்புக்காரர்கள். அந்த வரிசையும் மறுபக்கத்துத் தடுப்பும் பலமில்லாமலே கிடக்க, வருஷாவருஷம் அணியின் முதல் தேர்வு வேறு இடத்துக்குப் போனது. ராஜர்ஸுக்குக் காறை எலும்பு இரண்டு முறை உடைந்தது. அதை யார் தவறென்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே பந்தயத்தில் திரும்பத் திரும்பப் பணம் கட்டியது நிர்வாகத்தின் தவறு. ‘மில்லனை நீக்கு’ என்ற அட்டைகள் அரங்கில் வருஷக்கணக்கில் எழுந்தன. 2008 செப்டம்பர் 24-ல், மூன்று தோல்விக்குப் பிறகுதான் அவர் நீக்கப்பட்டார். அவர் காலத்தில் 31 வெற்றி, 84 தோல்வி.

இந்த சீசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எடுப்பது மினியாபோலிஸ் ஆட்டத்தை. அக்டோபர் 12. டான் ஆர்லாவ்ஸ்கி தொடக்கத்திலிருந்தே குவார்ட்டர்பேக்காக இறங்கிய முதல் ஆட்டம். பந்து லயன்ஸின் சொந்தக் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால். கோட்டுக்குப் பின்னாலுள்ள எண்ட் ஸோனுக்குள் பின்வாங்கிப் பந்தை வாங்குகிறார். உள்ளூர் அணியான வைக்கிங்ஸின் ஜாரெட் ஆலன் பாய்ந்து வருகிறார். ஆர்லாவ்ஸ்கி வலப்பக்கம் ஓடுகிறார், கண் முழுக்கத் துரத்துகிறவர் மேல். கால் பின்கோட்டைத் தாண்டிவிட்டது அவருக்குத் தெரியவில்லை. மைதானத்துக்கு வெளியே இருந்துகொண்டே எறிய ஆளைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறார். அங்கே கோட்டைத் தாண்டினால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. அதற்கு ‘சேஃப்டி’ என்று பெயர். ஆட்டம் முடிந்தபோது வைக்கிங்ஸ் 12, லயன்ஸ் 10.

இரண்டே புள்ளி. அதனால் பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. அது நியாயமில்லை என்பேன். அந்த ஓட்டத்துக்குப் பிறகும் லயன்ஸ் முன்னிலைக்கு வந்தது. கடைசி நொடிகளில் வைக்கிங்ஸ் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஃபீல்டு கோலில்தான் ஆட்டம் கைவிட்டுப் போனது. முதல் ஆட்டத்தில் இறங்கிய பையனுக்கு முன்னால் யாரை நிறுத்தியிருந்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும். அந்த சீசனில் லயன்ஸ் விட்டுக்கொடுத்த புள்ளிகள் 517. ஆட்டத்துக்கு 32-க்கும் மேல். எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்தது, 16 ஆட்டத்திலும் சேர்த்து, நான்கே தடவை.

எல்லோரும் மோசமாக ஆடினார்களா என்றால், இல்லை. 2007 டிராஃப்டின் முதல் சுற்றில் வந்த கால்வின் ஜான்சன், குவார்ட்டர்பேக்குகள் மாறிமாறி எறிந்தும் 1,331 கஜமும் 12 டச் டவுனும் எடுத்தார். 1992 முதல் அதே அணியில் இருந்த உதைப்பவர் ஜேசன் ஹேன்சன் 22 ஃபீல்டு கோல் முயற்சியில் 21-ஐ உள்ளே அனுப்பினார். அதில் எட்டு, 50 கஜத்துக்கு அப்பாலிருந்து. அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் தன் வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்துகொண்டே இருந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அது டெட்ராய்ட்டுக்கே கெட்ட வருஷம். நவம்பரில் அந்த வட்டாரத்துக் கார் நிறுவனங்களான ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் தலைவர்கள் கடனுதவி கேட்டு வாஷிங்டன் போய் நின்றார்கள். அடுத்த வாரமே நன்றி நவிலல் நாள். அன்று லயன்ஸ் சொந்த ஊரில் ஆடுவது 1934 முதல் வழக்கம். அமெரிக்காவில் குடும்பத்தோடு விருந்துண்டு பார்க்கும் ஆட்டம். டென்னஸி டைட்டன்ஸ் 47, லயன்ஸ் 10. தொழிற்சாலை வேலை நிலைக்குமா என்று தெரியாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த வீடுகளிலும் அந்த ஆட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி இடத்துக்குக் கிடைத்த முதல் தேர்வில், 2009 ஏப்ரலில் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்ட் வந்தார். புதிய சீசனிலும் முதல் இரண்டு ஆட்டம் தோல்வி. 2007-ன் கடைசி ஆட்டத்தையும் சேர்த்தால் தொடர்ந்து 19. செப்டம்பர் 27-ல் வாஷிங்டனை 19-14 என்று வென்றார்கள். டிக்கெட் முழுக்க விற்காத ஆட்டத்தை உள்ளூர் டிவியில் காட்டக் கூடாது என்பது அன்றைய விதி. அன்று விற்கவில்லை. அரங்குக்குப் போனவர்கள் பார்த்தார்கள். வீட்டிலிருந்த டெட்ராய்ட் ரேடியோவில் கேட்டது.