அட்ரினல் செல்களில் ஹார்மோன் சேமிப்பும் வெளியேற்றமும்

இருள் சூழ்ந்த தெருவில் நடந்து செல்லும்போது நாயொன்று திடீரெனக் குரைத்துக்கொண்டு பாய்கிறது. அடுத்த நொடியே இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது, கண்பாவை விரிகிறது. இம்மாற்றங்களை நரம்புகள் தொடங்கிவைக்கின்றன. அவற்றை வலுப்படுத்தி, உடல் முழுவதற்கும் கொண்டுசேர்ப்பது அட்ரினலின் என்னும் ஹார்மோன் ஆகும். ஆபத்து வந்த பின்னர் இந்த ஹார்மோனை உருவாக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். எனவே, உடல் இதனை முன்னரே உருவாக்கிச் சேமித்து வைக்கிறது.

சுரப்புப்பைகள்

சிறுநீரகங்களின் மேற்புறத்தில் அட்ரினல் சுரப்பிகள் அமைந்துள்ளன. சுரப்பியின் வெளிப்பகுதி புறணி எனவும் உட்பகுதி அகணி எனவும் வழங்கப்படும். அகணியில் உள்ளவை குரோமாஃபின் செல்கள். குரோமிய உப்புகளுடன் வினைபுரிந்து பழுப்பு நிறம் பெறுவதால் இவை இப்பெயர் பெற்றன. ஒவ்வொரு செல்லிலும் சவ்வினால் சூழப்பட்ட நுண்ணிய சுரப்புப்பைகள் பல்லாயிரம் உள்ளன. ஒரு பையின் விட்டம் ஏறத்தாழ 300 நானோமீட்டர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பைகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் கிட்டும்.

அட்ரினலின் செல்லுக்குள் தனித்துக் கரைந்திருப்பதில்லை, துகள்களுக்குள் அடைபட்டுள்ளது என்பதை 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிளாஷ்கோவும் வெல்ச்சும், சுவீடனில் ஹில்லார்ப் குழுவினரும் மாட்டின் அட்ரினல் சுரப்பியைக் கொண்டு மெய்ப்பித்தனர்.

சேமிப்பு நிகழும் முறை

டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து சைட்டோபிளாசத்தில் டோபமைன் உருவாகிறது. இது பைக்குள் செல்வதற்கு ஆற்றல் தேவை. பையின் சவ்விலுள்ள புரத எக்கி, ஏடிபியின் ஆற்றலைக் கொண்டு ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே செலுத்துகிறது. இதனால் பையின் உட்புறம் அமிலத்தன்மை அடைகிறது. அதன் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 5.5 ஆகும். இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளியேறும்போது, கடத்திப் புரதம் ஒரு டோபமைன் மூலக்கூறை உள்ளே கொண்டுவருகிறது.

பைக்குள் டோபமைன், நார் அட்ரினலினாக மாறுகிறது. பெரும்பாலான செல்களில் இது மீண்டும் சைட்டோபிளாசத்திற்கு வந்து, வேறொரு நொதியால் அட்ரினலினாக மாற்றப்பட்டு, மறுபடியும் பைக்குள் செல்கிறது.

இவ்வாறு சேரும் ஹார்மோனின் செறிவு, சைட்டோபிளாசத்தில் உள்ளதைவிடப் பல்லாயிரம் மடங்கு மிகுதி. அவ்வாறெனில், சவ்வூடு பரவலால் நீர் உட்புகுந்து பை வெடித்துவிடாதா? ஏடிபியும் குரோமோகிரானின் என்னும் புரதங்களும் ஹார்மோனுடன் பிணைந்து அடர்ந்த திரளாகின்றன. இதனால் தனித்தியங்கும் துகள்களின் எண்ணிக்கை குறைகிறது. பையும் வெடிக்காமல் காக்கப்படுகிறது.

வெளியேற்றம் நிகழும் முறை

ஆபத்தை உணர்ந்த மூளையின் ஆணை, தண்டுவடத்தின் வழியே நரம்பிழைகளை அடைகிறது. அவற்றின் முனைகள் அசிட்டைல்கோலினைச் சுரக்கின்றன. குரோமாஃபின் செல்லின் சவ்வில் மின்னழுத்தம் மாறுகிறது; கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. ஓய்வுநிலையில் செல்லுக்குள் கால்சியம் அயனியின் செறிவு, வெளியே உள்ளதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே, வாயில் திறந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. வெளியேற்றத்திற்குக் கால்சியம் இன்றியமையாதது என்பதை 1961ஆம் ஆண்டில் டக்ளஸ், ரூபின் ஆகியோர் பூனையின் சுரப்பியில் கண்டறிந்தனர்.

பையின் சவ்விலுள்ள சினாப்டோபிரெவின், செல்சவ்விலுள்ள சின்டாக்சின், ஸ்நாப்-25 ஆகிய மூன்று புரதங்களும் கயிற்றின் புரிகளைப்போல் முறுக்கிக்கொண்டு இரு சவ்வுகளையும் நெருக்குகின்றன. சினாப்டோடேக்மின் என்னும் புரதம் கால்சியத்தை உணர்ந்ததும் இரு சவ்வுகளும் ஒன்றிணைகின்றன, நுண்துளை திறந்து விரிகிறது, திரள் கரைகிறது, அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. அணியமாக நிற்கும் சிறு எண்ணிக்கையிலான பைகளே முதலில் திறக்கின்றன. ஏனையவை பின்னிருப்பாகக் காத்திருக்கின்றன. வெறுமையான பையின் சவ்வைச் செல் மீட்டெடுத்துக்கொள்கிறது.

அடக்கமும் தேவையே

வெளியேற்றத்தைப் போலவே அடக்கிவைத்தலும் உயிர்காக்கும் செயலாகும். அகணியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டி தோன்றினால், ஆபத்து ஏதுமின்றியே ஹார்மோன் மிகுதியாக வெளிப்படுகிறது. இரத்த அழுத்தம் திடீரென உயர்கிறது. கடுந்தலைவலியும் படபடப்பும் மிகுவியர்வையும் உண்டாகின்றன. சுரப்புப்பை என்பது வெறும் கொள்கலன் அன்று. உரிய நேரம் வரும்வரை காத்திருக்கும் காவலும் அதுவே.

சிந்தித்து விடை தருக

1. புறணியில் உருவாகும் கார்டிசோல் கொழுப்பில் கரைந்து சவ்வை எளிதில் கடக்கும். அதனைச் சுரப்புப்பைகளில் சேமிக்க இயலுமா? காரணம் கூறுக.
2. பையின் புரத எக்கி செயலிழந்தால் அட்ரினலின் சேமிப்பு எவ்வாறு பாதிக்கப்படும்?