சளியைக் கரைத்தால் யார் துப்புவது?

மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும் இடையஞ்சாவடிப் பக்கம் பிள்ளைகளின் இருமல் தொடங்கிவிடும். “நெஞ்சு கர்கர்னு இழுக்குது, சளி கரையற டானிக் ஒண்ணு குடுங்கண்ணே” என்றால் மருந்துக்கடையில் மறுகேள்வி இல்லை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அம்ப்ராக்சால் அல்லது புரோம்ஹெக்சின் என்றிருக்கும். நம் வேலியோர ஆடாதோடையில் உள்ள வாசிசினை முன்மாதிரியாக வைத்து 1960களில் ஜெர்மனியில் உருவானது புரோம்ஹெக்சின். அது உடலுக்குள் மாறிக் கிடைப்பதே அம்ப்ராக்சால். பெருமைதான், ஆனால் கைக்குழந்தைக்கு ஊற்ற அது காரணமாகாது.

இந்த மருந்துகள் கெட்டிச் சளியை நீர்க்க வைக்கும். நாம் காறித் துப்பிவிடுவோம். ஒரு வயதுக் குழந்தைக்குத் துப்பத் தெரியாது, இருமித் தள்ளவும் தெம்பு போதாது. மூச்சுக்குழாயோ மிகக் குறுகல். நீர்த்துப் பெருகிய சளி அங்கேயே தேங்கினால் மூச்சு முட்டும். இதனால்தான் பிரான்ஸ் 2010-இல் அசிட்டைல்சிஸ்டீன், கார்போசிஸ்டீன் என்ற சளி கரைப்பான்கள் இரண்டையும் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று நிறுத்தியது.

கலப்பட பயம் தனிக்கதை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது 2025 அக்டோபரில் தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அது சளி கரைப்பான் அல்ல. ஆனால் உஸ்பெகிஸ்தானில் சிரப் குடித்த குழந்தைகள் இறந்ததை அடுத்து 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்த இரண்டு இந்திய சிரப்புகளில் ஒன்றான அம்ப்ரோனால், அம்ப்ராக்சால்தான். கோல்ட்ரிஃப் விவகாரத்துக்குப் பிறகு மத்திய அரசு, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல் சிரப்பே எழுதவேண்டாம் என்று மருத்துவர்களை அறிவுறுத்தியது.

பிறகு என்னதான் செய்வது? மரக்காணத்து உப்பளக்காரர்களுக்குப் பிடித்த பதில்: உப்புதான். 0.9 சதவீத உப்புநீர்ச் சொட்டு மருந்துக்கடையில் கிடைக்கும். பால் கொடுக்கும் முன் மூக்கில் இரண்டு சொட்டு விட்டால் அடைப்பு இளகி, குழந்தை நிம்மதியாக உறிஞ்சும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய்க்கு 7 சதவீத உப்புநீரை நெபுலைசரில் தருகிறார்கள்; ஆஸ்திரேலியாவில் கடலில் அலைச்சறுக்கும் நோயாளிகளுக்கு மூச்சு இலகுவாக இருந்ததைக் கவனித்ததில் பிறந்த வைத்தியம் அது. அதற்காக உப்பளத் தண்ணீரை மூக்கில் விடாதீர்கள். சுத்திகரித்த சொட்டு மட்டுமே.

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.