எந்த செக்ஷன்?

நீலகிரியில் கூடலூரை அடுத்த ஓவேலியில், தோட்ட வேலை முடிந்து லைன் வீட்டைக் காலி செய்யும் குடும்பங்கள் அடுத்த கூரையை எங்கே, எப்படித் தேடுகின்றன?

எல்லமலைப் பக்கம் ஒரு லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஓர் அக்கா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பேத்தியின் பழைய நோட்டு, பின்பக்கத் தாள், பென்சில் எழுத்து. முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். 58 வயதாகிவிட்டது. வேலை முடிகிறது, வேலையோடு வீடும் முடிகிறது.

தோட்டத் தொழிலாளிக்கு நிர்வாகமே வீடு தர வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஆனால் அது வேலையின் நிழலில் நிற்கும் வீடு. பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பெயர் கொடுத்தால் வீடு தங்கும். அக்காவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மகள் கூடலூரில் ஜவுளிக்கடையில் நிற்கிறார். கொழுந்துக் கூடையைத் தூக்க இருவருமே வரப்போவதில்லை.

நோட்டில் இருந்தது கிராஜுவிட்டி கணக்கு. வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி. முப்பது வருஷத்துக்கு 450 நாள். நாள் கூலி 430 ரூபாய் என்று வைத்தால் 1,93,500 ரூபாய். பி.எஃப். பணம் தனி. இதற்குள் ஒரு வீடு அமைய வேண்டும்.

“வீடு தேடுறதுன்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது தம்பி. பொறந்தது லயத்துல, வாக்கப்பட்டது லயத்துல. காட்டுன காம்பராவுல இருந்துக்கிட்டோம். இப்பதான் நாமளே போயி பாக்கணும்ங்கிறாங்க.”

லயம் (லைன் வீடு), காம்பரா (அறை) என்பவை சிலோன் மலையகத்துச் சொற்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா வந்தபோது வயது ஆறு. இப்போது வாழ்க்கையில் இரண்டாவது முறையாக மூட்டை கட்டுகிறார்.

ஒரு மண், இரண்டு வழக்கு

ஓவேலியில் வீடோ மனையோ பார்க்கப் போனால் விலை என்ன என்பது இரண்டாவது கேள்விதான். “எந்த செக்ஷன்?” என்பதே முதல் கேள்வி. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1840களில் நீலகிரியை அளந்த ஆங்கிலேய அதிகாரி ஆக்டர்லோனியின் சகோதரர் இந்தப் பள்ளத்தாக்கில் காப்பித் தோட்டம் போட்டார். ஆக்டர்லோனி வேலி, வாயில் தேய்ந்து ஓவேலி ஆனது. பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழுக்குள் வந்து வேலியாகிவிட்டது. இங்கே வீடு தேடி அலைந்தவர்கள் அந்தப் பெயர் சரிதான் என்பார்கள்.

நிலம் அன்று நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம் (பரம்பரை) சொத்து. அவர்களிடம் குத்தகைக்கு வாங்கித்தான் தோட்டங்கள் எழுந்தன. 1969இல் தமிழக அரசு கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. நடைமுறைக்கு வந்தது 1974 நவம்பர் 27 அன்று. சட்டத்தின் பிரிவு (செக்ஷன்) 8, 9, 10இன் கீழ் வருகிறவர்களுக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைக்கும். தோட்டக் குத்தகை நிலங்கள் பிரிவு 17. அதுதான் இன்றுவரை அவிழாத முடிச்சு.

இந்தச் சட்டம் உச்ச நீதிமன்றப் படியைப் பல முறை ஏறியது. 1972இல் பால்மடீஸ் தோட்ட வழக்கில், ஜென்மக் காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்றானது. 1974இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைக்குள் சட்டத்தை வைத்து நாடாளுமன்றம் காப்பாற்றியது. அதை எதிர்த்த வழக்கில்தான், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2007 ஜனவரி 11 அன்று, ஒன்பதாவது அட்டவணையும் நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் சட்டம் படிக்கும் மாணவர் எல்லோருக்கும் தெரிந்த ஐ.ஆர். கொய்லோ வழக்கு அது.

இன்னொன்று, கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைப் பார்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு. யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான் என்று 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாட்டின் வனச் சட்டத்தையே புரட்டிப் போட்டது.

ஒரே வட்டாரத்து மண் நாட்டுக்கு இரண்டு பெரிய தீர்ப்புகளைத் தந்தது. அந்த மண்ணில் குடியிருப்பவர்கள் கையில் மட்டும் பட்டா வந்து சேரவில்லை.

மூன்று வாசல்

அக்காவின் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, ஓவேலிக்குள்ளேயே தங்குவது. பெரியசோலை, ஆரோட்டுப்பாறை, சூண்டி, காந்தி நகர் என்று எங்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பணமும் கட்டுப்படியாகும். ஆனால் பிரிவு 17 நிலத்தில் விற்பதாகச் சொல்பவர் விற்பது நிலத்தை அல்ல, தன் அனுபோகத்தை. பத்திரத்தாளில் எழுதி இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போடலாம். அதை வைத்துப் பட்டா கேட்க முடியாது. வங்கிக் கடன் கிடையாது. சொந்த நிலத்தில் வீடு கட்ட உதவும் அரசுத் திட்டங்களும் முதலில் கேட்பது நிலத்துக்கான ஆதாரத்தைத்தான். புது வீட்டுக்கு மின் இணைப்பு வாங்குவதே பெரும்பாடு. மின்கம்பி வாசல் வழியாகப் போயும் வீட்டுக்குள் விளக்கு எரியாதவர்கள் பலர் உண்டு. சுவரை எடுத்துக் கட்டவும் தடை. ஊருக்குள் நுழையும் வழியில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது. சிமென்ட், கம்பி, செங்கல் ஏற்றிய வண்டிக்கு அதைத் தாண்டுவது எளிதல்ல.

இரண்டாவது, கூடலூர். பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும் தூரம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மகளின் வேலை எல்லாம் பக்கத்தில். பட்டா உள்ள இடமும் கிடைக்கும், ஆனால் விலை எட்டாது. மிஞ்சியது வாடகை அல்லது ஒத்தி.

மூன்றாவது, மலையிறங்குவது. மேட்டுப்பாளையம், காரமடை, துடியலூர் என்று கோவையின் விளிம்பில் போய்ச் சேர்ந்த தோட்டக் குடும்பங்கள் உண்டு. அங்கே செக்ஷன் தொல்லை இல்லை. வேறு பொறி இருக்கிறது. வயலைக் கூறுபோட்டு விற்கும் மனையில் நகரமைப்புத் துறையின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானவற்றுக்கென்று வந்தது. அதற்குப் பிறகு முளைத்த மனையை “அதெல்லாம் சரியாயிடும்” என்று தரகர் விற்றால் ஒதுங்கிவிடுவது நல்லது.

வீட்டைப் பார்க்கும் முன்

மலையில் வீடு பார்க்கிறவர்கள் சுவரையும் தரையையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

ஊர்ப் பெயரைக் காது கொடுத்துக் கேளுங்கள். கூடலூரைச் சுற்றி இருவயல், புறமணவயல், காசிம்வயல், புத்தூர்வயல் என்று எத்தனையோ ‘வயல்’கள். நெல் விளைந்த சதுப்பு அது. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. தொரப்பள்ளி அருகே உள்ள இருவயலிலும், புறமணவயலிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் வீட்டுக்குள் வெள்ளம் வரும். வீட்டை ஏப்ரலில் பார்த்துவிட்டு முன்பணம் தராதீர்கள். ஒரு தடவையாவது ஜூலை மழையில் போய்ப் பாருங்கள்.

மேட்டில் இருந்தால் தப்பித்தோம் என்றும் இல்லை. வீட்டின் பின்னால் மண்ணை நெட்டாக வெட்டியிருக்கிறார்களா, அதன் மேல் யாருடைய வீடு நிற்கிறது, ஊற்று எங்கே கசிகிறது என்று பாருங்கள். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பறித்த நீலகிரி மண்சரிவுகளை மலைக்காரர்கள் மறக்கவில்லை. மேல் கூடலூர் பக்கம் கோக்காலில் 2024 மழையில் மண் நகர்ந்து வீடுகளில் வெடிப்பு விழுந்தது. புதுச் சுண்ணாம்புக்கு அடியில் குறுக்காக ஓடும் பழைய விரிசல் தெரிந்தால், விலை குறைந்ததற்கான காரணமும் தெரிந்துவிடும்.

அடுப்படி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வாஸ்துவுக்காக இல்லை, யானைக்காக. ரேஷன் அரிசி வாசம் பிடித்துச் சுவரை முட்டி எடுக்கும் யானைகள் இந்தப் பகுதியில் புதிதல்ல. அப்படியே பழகிப்போன ஒரு மக்னாவுக்கு (தந்தமில்லாத ஆண் யானை) ஊர் வைத்த பெயர் ‘அரிசி ராஜா’; 2022 டிசம்பரில் அதைப் பிடித்தார்கள். 2025 செப்டம்பரில், பலரைக் கொன்ற ‘ராதாகிருஷ்ணன்’ என்ற ஆண் யானையை ஓவேலிப் பகுதியில் கும்கிகளை வைத்துப் பிடித்தார்கள். வாசலில் பலாமரம் இருந்தால் அழகுதான். பழுக்கும் பருவத்தில் அதற்குப் பங்காளி வருவார். அடுப்படிச் சுவர் காட்டைப் பார்த்திருக்கும் வீட்டில் அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று யோசித்துவிட்டு வாடகை பேசுங்கள்.

யானையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் வழியில்தான் தோட்டம் வந்தது, தோட்டத்தில் லயம் வந்தது. 2024இல் வனத்துறையின் வரைவு அறிக்கை தமிழகத்தில் 42 யானை வழித்தடங்களைக் குறித்தபோது கூடலூர், ஓவேலி மக்கள் தெருவுக்கு வந்தார்கள். யானைக்கு வழி வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்களுக்கு எது வழி என்று கேட்டார்கள். வாங்கப்போகும் இடம் அந்த வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதும் இனி கேட்க வேண்டிய கேள்விதான்.

கடைசியாகக் காகிதம். சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, தாலுகா அலுவலகத்தில் நீங்களே விசாரியுங்கள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டு வரி ரசீதைக் காட்டி “இதுவே போதும்” என்பார்கள். நீங்கள் வரி கட்டியதற்கு அது சான்று. நிலம் உங்களுடையது என்பதற்கு அல்ல.

சாவடியில் ஒரு வண்டி

அக்கா கடைசியில் வீடு வாங்கவில்லை. கூடலூரில் மகளின் கடைக்கு நடந்து போகிற தூரத்தில் இரண்டு அறை வாடகை வீடு. மேட்டு நிலம், பின்னால் வெட்டுச் சுவர் இல்லை, பைப்பில் தண்ணீர் வருகிறது, பேத்தியின் பள்ளிக்கூடமும் அருகில். பணத்தை வங்கியில் போட்டுவிட்டார். “மண்ணு வாங்கி மாட்டிக்கிறதுக்கு, வாடகை குடுத்துட்டு நிம்மதியா தூங்குறது மேல்” என்றார். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. சொந்த வீடு என்ற சொல்லை அப்போதுதான் மடித்து வைத்தார் போலிருந்தது.

சாமான் ஏற்றிய வண்டியில் நானும் உட்கார்ந்து வந்தேன். ஒரு பீரோ, இரண்டு டிரங்குப் பெட்டி, ஆட்டுக்கல், மண்ணோடு பெயர்த்து எடுத்த ரோஜாச் செடி. சோதனைச்சாவடியில் டிரைவர் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். எதிரே உள்ளே போக வந்த ஒரு ஜீப்பை நிறுத்தி, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே போகிற எங்கள் வண்டியை யாரும் எதுவும் கேட்கவில்லை.