முசாஹர் குடியிருப்புகளில் துளிர்க்கும் கல்விக் கனவு

புது தில்லி: பிகார் மாநிலத்தில் முசாஹர் சமூகத்தினரிடையே எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஒன்பது பேர் மட்டுமே என 2001-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தெரிவித்தது. அம்மாநிலத் தாழ்த்தப்பட்ட சாதியினர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் இவ்விகிதம் 28.5. பட்டியலின் கடைசி இடத்தில் இருந்த அச்சமூகத்தில் இன்று கல்வி மீதான நாட்டம் மெல்லத் துளிர்த்து வருகிறது.

வயல்களில் எலி பிடித்து உண்டதால் ஏற்பட்ட பெயரே இவர்களுக்குச் சாதிப் பெயராக நிலைத்துவிட்டது. 2023-ல் வெளியான மாநிலச் சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி, இவர்களின் எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டுகிறது. பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களின் மாத வருமானம் 6,000 ரூபாய்க்கு மேல் இல்லை.

செங்கல் சூளையில் கரையும் கல்வியாண்டு

ஊர்ப்புறத்தில் 'டோலா' எனப்படும் தனிக் குடியிருப்புகளில் வாழும் இவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் பல குடும்பங்கள் செங்கல் சூளைகளுக்குப் புறப்பட்டு, அடுத்த மழைக்கு முன்புதான் ஊர் திரும்புகின்றன. பெற்றோருடன் செல்லும் குழந்தைக்கு அந்தக் கல்வியாண்டே பறிபோகிறது. பள்ளி அருகில் இருந்தும் படிப்பு தொடராததற்கு இது முக்கியக் காரணம். வகுப்பறையில் நேரும் புறக்கணிப்பு மற்றொரு காரணம்.

மிகவும் பின்தங்கிய தலித் பிரிவினருக்காக 2007-ல் மகாதலித் ஆணையத்தை மாநில அரசு அமைத்தது. குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல, அதே சமூகங்களைச் சேர்ந்தவர்களே 'டோலா சேவக்' ஆக நியமிக்கப்பட்டனர். வெளியாரைக் கண்டால் ஒதுங்கும் பெற்றோரிடம், தம்மவர் சொல் எடுபடும் என்பதே இத்திட்டத்தின் அடிப்படை.

கைகொடுக்கும் விடுதிகள்

கேரளத்தில் பிறந்து, முசாஹர் மக்களிடையே பல்லாண்டுகளாகப் பணியாற்றி வரும் சுதா வர்கீஸ், 'நாரி குஞ்ஜன்' அமைப்பின் மூலம் பாட்னாவை அடுத்த தானாபூரில் 2006-ல் 'பிரேர்ணா' உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பெற்றோர் வேலை தேடி வெளியூர் சென்றாலும் சிறுமிகளின் படிப்பு தடைபடுவதில்லை. வயல் வேலை, இளவயதுத் திருமணம் ஆகியவற்றிலிருந்தும் அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது. பாடங்களுடன் கராத்தேயும் கற்பிக்கப்படுகிறது.

சிறுவர்களுக்கென ஓய்வுபெற்ற காவல்துறை உயரதிகாரி ஜே.கே. சின்ஹா பாட்னாவில் நிறுவிய 'சோஷித் சமாதான் கேந்திரா' ஆங்கிலவழிக் கல்வியை இலவசமாக அளிக்கிறது.

எனினும் விடுதிகளில் இடம் கிடைப்போர் சிலரே. மற்றவர்களுக்கு, வேலை தேடிச் செல்லும் மாதங்களிலும் படிப்பு தொடர வழி தேவை. பள்ளிப்படிப்பை முடிப்போருக்குத் தொழிற்பயிற்சியும் வேலையும் தேவை. படித்தவருக்கும் சூளையே கதி என்றால், அடுத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவர்.

சிறுவயதில் மாடு மேய்த்த ஜீதன் ராம் மாஞ்சி, பட்டம் பெற்று, தொலைபேசி நிலைய ஊழியராகப் பணியாற்றி, 2014-ல் பிகார் முதல்வரானார். முசாஹர் சமூகத்தில் அது ஓர் அபூர்வ நிகழ்வு. ஒவ்வொரு டோலாவிலிருந்தும் ஒரு பெண்ணாவது மேல்நிலைக் கல்வியை எட்டுவது இயல்பான செய்தியாக வேண்டும் என்பதே இப்பணியில் ஈடுபட்டுள்ளோரின் இலக்கு.