சேவ் பட்டன் இல்லாத கேம்!

புதுக் கம்ப்யூட்டர் வந்த வீட்டில் பிள்ளைகள் முதலில் தேடுவது கேமைத்தான். அந்த கேமுக்குள் நாமே நுழைந்து, வெளியே வரும் வழி அடைபட்டுப் போனால்? இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் ஆங்கில நாவல் 'ஏர் அப்பேரண்ட்'. பட்டத்து வாரிசு என்று பொருள். அமெரிக்க எழுத்தாளர் விவியன் வாண்டே வெல்டே எழுதி 2002இல் வெளிவந்தது.

கதை இதுதான்

ஜியானினுக்கு 14 வயது. பிறந்த நாளுக்கு அப்பா தந்த கூப்பனோடு ஒரு கேம் சென்டருக்குப் போகிறாள். அங்கே மவுஸ், மானிட்டர் எதுவும் தேவையில்லை. கேம் நேராக மூளையில் ஓடும்! ஆடு மேய்க்கும் பெண்ணாக இருக்கும் அவளை மன்னர் வாரிசாக அறிவித்துவிடுகிறார். மூன்று நாட்கள் உயிரோடு இருந்து முடிசூடினால் வெற்றி. ஆனால் பதவி பறிபோன இளவரசர்கள் சும்மா இருப்பார்களா? போதாக்குறைக்கு மந்திரவாதிகள், டிராகன் வேறு.

இதற்கிடையே கேம்களை எதிர்க்கும் போராட்டக்காரர்கள் சென்டரில் புகுந்து கருவிகளைச் சேதப்படுத்துகிறார்கள். இனி ஜெயித்தால்தான் வெளியே வர முடியும். தாமதமானால் மூளைக்கே ஆபத்து. சேவ் வசதியோ கிடையாது. செத்தால் மறுபடியும் ஆட்டு மந்தையிலிருந்து ஆரம்பம்!

என் கதை

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. கல்லூரி இறுதியாண்டில், புராஜெக்ட் கொடுப்பதற்கு முந்தைய இரவு, சாதாரண எடிட்டர் ஒன்றில் நாள் முழுக்க புரோகிராம் அடித்துக்கொண்டிருந்தேன். 11 மணிக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் இல்லை. ஒருமுறைகூட சேவ் செய்யவில்லை. 2 மணிக்குக் கரண்ட் வந்ததும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். ஆச்சரியம், விடிவதற்குள் முடிந்துவிட்டது! அழிந்தது புரோகிராம் மட்டும்தான். செய்த தப்புகளெல்லாம் என் தலையில் சேவ் ஆகியிருந்தன. ஜியானினும் இப்படித்தான் ஒவ்வொரு சாவிலும் ஒரு பாடம் கற்கிறாள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஃபைலைத் திறந்ததும் பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்துங்கள். இன்று சில மென்பொருள்கள் தாமாகவே சேவ் செய்கின்றன. ஆனாலும் எல்லாவற்றையும் நம்பிவிடாதீர்கள். முக்கியமான ஃபைலுக்கு பென் டிரைவில் ஒரு காப்பி இருக்கட்டும்.

கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் ஒரே நேரத்தில் பத்து செட்டிங்கை மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றிப் பாருங்கள், பிறகு அடுத்தது. எது காரணம் என்று அப்போதுதான் தெரியும்.

இதே எழுத்தாளர் 1991இல் எழுதிய 'யூசர் அன்ஃபிரெண்ட்லி' நாவலில், சில பிள்ளைகள் திருட்டு காப்பி கேமுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறார்கள். கூடவே ஒருவனின் அம்மாவும்! வைரஸோடு வரும் திருட்டு சிடியை வீட்டுக்குள் விடுபவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

படிப்பதற்கு முன், திறந்து வைத்திருக்கும் ஃபைலை சேவ் செய்துவிட்டீர்களா?